இருட்டைத் தேடி வந்த விஞ்ஞானி

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலை மேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் போயிருக்கிறீர்களா? மேகமும் நிலவும் இல்லாத இரவில் அங்கே அண்ணாந்து பார்த்தால், நகரத்தில் கண்ணுக்கே தெரியாத எத்தனையோ நட்சத்திரங்கள் தெரியும். இருட்டு என்றால் நமக்குப் பயம். ஆனால், இருட்டைத் தேடி அலைந்த ஒருவர் இருந்தார். அவர்தான் வைணு பாப்பு!

1927, ஆகஸ்ட் 10ல் சென்னையில் பிறந்தார். அப்பாவுக்கு ஐதராபாத் நிஜாமியா வான் ஆய்வகத்தில் வேலை. அதனால் தொலைநோக்கியும் நட்சத்திரங்களும் சின்ன வயதிலேயே பழகிவிட்டன. கல்லூரி நாட்களிலேயே, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களைக் கவனித்துக் கட்டுரைகள் எழுதினார்.

பிறகு, உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். 1949 ஜூலையில், வானத்தைப் படம் பிடித்த தகடு ஒன்றைக் கூர்ந்து பார்த்தார். அங்கே இருக்க வேண்டாத ஒன்று தெரிந்தது. அது ஒரு புதிய வால் நட்சத்திரம்! அப்போது அவருக்கு வயது 21தான். பேராசிரியர் போக், சக மாணவர் நியூகிர்க் ஆகியோர் பெயர்களும் சேர்ந்து, அதற்கு 'பாப்பு - போக் - நியூகிர்க்' என்று பெயர் வந்தது. இதற்காகப் பதக்கமும் கிடைத்தது.

அங்கேயே தங்கியிருக்கலாம். ஆனால், நம் நாட்டில் நல்ல தொலைநோக்கிகள் வேண்டும் என்று ஆசைப்பட்டுத் திரும்பி வந்தார். 1960ல் கொடைக்கானல் வான் ஆய்வகத்தின் இயக்குநர் ஆனார்.

நட்சத்திரங்களை ஆராய இன்னொரு நல்ல இடம் தேவைப்பட்டது. தேடித் தேடி அவர் கண்டுபிடித்த ஊர் காவலூர். கல்வராயனுக்கு வடக்கே, ஜவ்வாது மலைக் காட்டுக்குள் இருக்கிறது. இருட்டான வானம் என்பது ஒரு காரணம். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால், தென் வானத்து நட்சத்திரங்களையும் அங்கிருந்து பார்க்கலாம் என்பது இன்னொரு காரணம். 1968ல், கொடைக்கானலிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கியுடன் அங்கே வேலை தொடங்கியது. 1977ல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான தடயத்தைப் பதிவு செய்த ஆய்வகங்களில் காவலூரும் ஒன்று!

அடுத்து, 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்யும் பணியைத் தொடங்கினார். அது முடிவதற்குள், 1982, ஆகஸ்ட் 19ல், 55 வயதில் ஜெர்மனியில் காலமானார். தன் கனவுத் தொலைநோக்கி வழியாக ஒருமுறைகூட அவர் வானத்தைப் பார்க்கவில்லை. 1986ல் அதற்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயரையே சூட்டினார்கள். ஒரு குறுங்கோளுக்கும் அவர் பெயர் உண்டு.

பாப்பு செய்ததை நீங்களும் செய்து பார்க்கலாம். அப்பாவின் செல்போனை மொட்டை மாடியில் அசையாமல் சாய்த்து வைத்து, இரவுப் பட வசதியில் வானத்தைப் படம் எடுங்கள். தை, மாசி மாத இரவுகளில் ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள் தெரிகிறதா? அது ஓரியன் என்ற வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டை. அருகே சிவப்பாக மின்னுவது திருவாதிரை. கொத்தாக இருப்பது கார்த்திகை. சில வாரங்கள் கழித்து அதே பகுதியை மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தால், அது கோளாக இருக்கலாம்!

ஒன்றை மறக்காதீர்கள். ஊரில் விளக்குகள் பெருகப் பெருக, வானத்தில் நட்சத்திரங்கள் மறைந்துகொண்டே போகும். தேவை இல்லாத விளக்கை அணைத்தால் மின்சாரமும் மிச்சம், நட்சத்திரங்களும் மிச்சம். இன்று இரவே தொடங்கலாமே!