நவம்பர் 14 குழந்தைகள் தினம் மட்டுமா? பிள்ளைகளின் உயிர் காத்த இன்சுலினைத் தந்த பான்டிங் யார்?

நவம்பர் 14 என்றதும் உங்களுக்கு நேருவும் பள்ளியில் கொடுத்த மிட்டாயும்தான் ஞாபகம் வரும். உலக நீரிழிவு தினமும் அன்றைக்குத்தான். 1891-ல் அதே தேதியில் கனடாவின் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ஃபிரெடரிக் பான்டிங்.

தாராவியில் ஒரு பிள்ளைக்கு சுகர் என்று தெரிந்தால், ஊசி ஆரம்பித்தால் விடவே முடியாது என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவார்கள். அந்த ஊசி இல்லாத காலத்தில்தான் பான்டிங் வளர்ந்தார். அப்போது சர்க்கரை நோய் வந்த பிள்ளைகளுக்கு டாக்டர்கள் கொடுத்த வைத்தியம் பட்டினி. சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து, சாவைச் சில மாதங்கள் தள்ளிப்போட்டார்கள், அவ்வளவுதான்.

பான்டிங் ஒன்றும் பெரிய ஆராய்ச்சியாளர் இல்லை. முதல் உலகப் போரில் அடிபட்டுத் திரும்பிய அறுவை சிகிச்சை டாக்டர். 1920-ல் கிளினிக் திறந்தார், ஆள் வரவில்லை. முதல் மாத வருமானம் 4 டாலர். அந்த அக்டோபர் கடைசி ராத்திரி, கணையம் பற்றிய ஒரு கட்டுரையைப் படித்தபோது யோசனை தட்டியது. டொராண்டோ பேராசிரியர் மெக்லியாட் தயக்கத்தோடு ஆய்வகம் கொடுத்தார். மாணவர் சார்லஸ் பெஸ்ட் துணையோடு, 1921 கோடை முழுக்க நாய்களிடம் சோதனை நடந்தது.

1922 ஜனவரி 11. லியனார்ட் தாம்சன், வயது 14, எடை சுமார் 30 கிலோ. முதல் ஊசி சரிப்படவில்லை, மருந்தில் அசுத்தம். வேதியியலாளர் காலிப் அதைச் சுத்தப்படுத்திக் கொடுக்க, 12 நாள் கழித்துப் போட்ட ஊசியில் ரத்தச் சர்க்கரை இறங்கியது. பையன் இன்னும் 13 வருஷம் வாழ்ந்தான்.

1923-ல் பான்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் நோபல். பெஸ்ட்டை விட்டுவிட்டார்களே என்று கோபப்பட்ட பான்டிங், தன் பங்குப் பணத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தார். காப்புரிமையில் தன் பெயரே வேண்டாம் என்றார். மற்றவர்கள் அதைப் பல்கலைக்கழகத்துக்குத் தலா 1 டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். கோடிகள் புரளும் இன்றைய மருந்துச் சந்தையைப் பார்த்தால் நம்பவே முடியாது. 1941-ல் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 49.

அவர் காப்பாற்றியவர்கள் எலும்பும் தோலுமான பிள்ளைகள்; உடம்பில் இன்சுலினே சுரக்காத டைப் 1. அவர்கள் ஊசியை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. நம் சந்துகளில் ஓடி விளையாட இடமில்லாமல், வடாபாவும் 5 ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டுமாகப் பருமனாகும் பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் டைப் 2. அங்கே இன்சுலின் சுரக்கும், ஆனால் உடம்பு அதற்குச் சரியாக இணங்காது. இந்த வித்தியாசத்தை பிரிட்டனில் ஹிம்ஸ்வொர்த் 1936-லேயே காட்டிவிட்டார்.

கொழுகொழுன்னு இருக்கும் பிள்ளையின் கழுத்து மடிப்பு கறுத்துத் தடித்திருந்தால், அழுக்கு என்று தேய்த்துக் கொண்டிருக்காமல் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். பிள்ளை திடீரென மெலிந்து, ஓயாமல் தண்ணீர் கேட்டு, ராத்திரி அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்தால் அன்றைக்கே சயான் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாந்தியும் மேல்மூச்சும் சேர்ந்துவிட்டால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.