டேவிட் சவுரிமுத்து

டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரிமுத்து (1864 – 1940) காசநோய் மருத்துவத்தில் பெயர் பெற்ற இந்திய மருத்துவர் ஆவார். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் மெண்டிப் குன்றுகள் சானடோரியத்தை நடத்தியவர். 1928ஆம் ஆண்டு சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தில் காசநோய் சானடோரியம் ஒன்றைத் தோற்றுவித்தார். அதுவே இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. கணித மேதை சீனிவாச இராமானுசனுக்கு இங்கிலாந்தில் சிகிச்சை அளித்த மருத்துவர்களுள் இவரும் ஒருவர். பெயரில் உள்ள சவுரி என்பது புனித சவேரியாரின் பெயர் தமிழில் மருவிய வடிவம்.

காலப் பின்னணி

சவுரிமுத்து மருத்துவத் தொழிலுக்கு வந்த காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. 1882-இல் செருமானிய அறிவியலாளர் இராபர்ட் கோக் இந்நோய்க்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டறிந்தார். எனினும் அதனைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1940-களில்தான் கிடைத்தது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் மருத்துவர்கள் நம்பியது தூய காற்று, முழு ஓய்வு, சத்தான உணவு ஆகிய மூன்றையே. இந்த முறையை செருமனியில் ஹெர்மன் பிரேமர் 1850-களில் தொடங்கினார். மலைச்சாரலிலோ காட்டின் நடுவிலோ அமைந்த விடுதிகளில் நோயாளிகள் பல மாதங்கள், சிலர் ஆண்டுக்கணக்கில் தங்கினர். குளிர்காலத்திலும் சன்னல்கள் திறந்தே இருக்கும். இவ்விடுதிகளே சானடோரியங்கள் எனப்பட்டன.

இம்முறையில் ஒரு சிக்கல் தொடக்கம் முதலே இருந்தது. காசநோய் மிகுதியாகத் தாக்கியது நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகளை. பல மாதங்கள் வேலையை விட்டுக் கட்டணம் செலுத்தி மலைச்சாரலில் தங்க இயன்றவர்களோ வசதி படைத்தவர்கள். பிரித்தானியாவில் 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டம், காப்பீடு பெற்ற தொழிலாளர்களுக்குச் சானடோரியச் சிகிச்சை உதவியை வழங்கி இந்த இடைவெளியை ஓரளவு குறைத்தது. இந்தியாவில் அத்தகைய சட்டம் எதுவும் இல்லை.

இங்கிலாந்தில் பணி

சவுரிமுத்து 1900ஆம் ஆண்டளவிலிருந்து இங்கிலாந்தின் திறந்தவெளிச் சானடோரியங்களில் பணியாற்றினார். பின்னர் வெல்ஸ் நகருக்கு அருகே ஹில்குரோவ் என்னுமிடத்தில் மெண்டிப் குன்றுகள் சானடோரியத்தை நடத்தினார். குடியேற்ற ஆட்சி உச்சத்தில் இருந்த காலத்தில், இந்தியர் ஒருவர் இங்கிலாந்தில் ஆங்கில நோயாளிகளுக்கான நிலையத்துக்குத் தலைமை தாங்கியது அரிதினும் அரிது. அவருடைய வாழ்க்கையில் இன்று அதிகம் பேசப்படாத பகுதியும் இதுவே.

தம் அனுபவங்களைத் தொகுத்து நூல்களாகவும் எழுதினார். அவற்றுள் முதன்மையானது நுரையீரல் காசநோயின் காரணங்களையும் சிகிச்சையையும் பற்றி 1922-இல் வெளிவந்த நூலாகும். திறந்தவெளிச் சானடோரியங்களில் 22 ஆண்டுகள் தாம் கண்டறிந்தவற்றின் பதிவு அது என அதன் துணைத் தலைப்பே கூறுகிறது.

பண்டைய இந்திய மருத்துவத்தின் வரலாற்றிலும் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. 1913-இல் இலண்டன் அரச மருத்துவக் கழகத்தில் இப்பொருள் பற்றிக் கட்டுரை படித்தார். அதனை விரிவாக்கி இந்து மருத்துவம், நாகரிகம் ஆகியவற்றின் தொன்மை பற்றிய நூலாக வெளியிட்டார். அந்நூலின் பதிப்பொன்று 1930-இல் இலண்டனில் வந்தது.

நோய் பற்றிய கருத்து

கிருமியை மட்டுமே காசநோயின் காரணமாகக் கொள்வதைச் சவுரிமுத்து ஏற்கவில்லை. கிருமி எங்கும் இருக்க, சிலருக்கு மட்டும் நோய் வருவதேன் என்பதே அவருடைய கேள்வி. போதிய உணவின்மை, காற்றோட்டமற்ற வீடு, ஓய்வில்லா உழைப்பு ஆகியன உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கின்றன என்றும், நோயின் வேர் அங்கேதான் உள்ளது என்றும் கருதினார். தொழில் நகரங்களின் சேரிகள் பெருகுவதும் காசநோய் பெருகுவதும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பது அவர் முடிவு.

இக்கருத்தை அவர் சில இடங்களில் அளவுக்கு மீறிக் கொண்டுசென்றார் என்றே கூறவேண்டும். கோக்கின் கண்டுபிடிப்பு அசைக்க முடியாத உண்மையாக நிலைபெற்ற பிறகும் கிருமிக்கு அவர் உரிய இடம் தரவில்லை. ஆயினும் வறுமைக்கும் காசநோய்க்கும் உள்ள உறவு பற்றி அவர் எழுப்பிய கேள்வி இன்றுவரை உயிர்ப்புடன் இருக்கிறது.

இராமானுசனின் மருத்துவர்

1914ஆம் ஆண்டு மார்ச்சு 17 அன்று சென்னையிலிருந்து நெவாசா என்னும் கப்பலில் இராமானுசன் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அதே கப்பலில் சவுரிமுத்துவும் பயணம் செய்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பயணி இவரிடமே நோயாளியாக வந்து சேர்ந்தார்.

1917-இல் இராமானுசனின் உடல்நலம் சீர்குலைந்தது. முதலில் கேம்பிரிட்ச்சில் சிகிச்சை பெற்ற அவர், அவ்வாண்டின் பிற்பகுதியில் மெண்டிப் குன்றுகள் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டார். அங்கு நெடுங்காலம் தங்காமல் டெர்பிசயரில் உள்ள மாட்லாக் நிலையத்துக்கு மாறினார். கும்பகோணத்தில் வளர்ந்த, மரக்கறி உணவு மட்டுமே உண்ட ஒருவருக்கு, குளிரில் சன்னல்களைத் திறந்து வைக்கும் இச்சிகிச்சை எத்தகைய துன்பமாக இருந்திருக்கும் என்பதை எளிதில் உணரலாம். போர்க்கால இங்கிலாந்தில் அவருக்கேற்ற உணவு கிடைப்பதும் கடினமாக இருந்தது.

1919-இல் தாயகம் திரும்பிய இராமானுசன் 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். அவருக்கு இருந்தது காசநோய்தானா என்பது பிற்காலத்தில் ஐயத்துக்குள்ளானது. மருத்துவக் குறிப்புகளை மறு ஆய்வு செய்த டி. ஏ. பி. யங் என்பவர், அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என 1994-இல் எழுதினார். எக்சு கதிர்ப் படமும் ஆய்வகச் சோதனையும் வளர்ச்சியடையாத அக்காலத்தில், நீடித்த காய்ச்சலும் உடல் மெலிவும் கண்டவர்கள் காசநோயாளிகளாகக் கருதப்பட்டது இயல்பே.

தாம்பரம் சானடோரியம்

இங்கிலாந்தில் நெடுங்காலம் பணியாற்றியபின் சவுரிமுத்து தாம் கற்ற முறையைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். தாம்பரத்தை அடுத்த பச்சைமலைப் பகுதியில் ஏறத்தாழ 250 ஏக்கர் பரப்புள்ள காட்டு நிலத்தில் 1928ஆம் ஆண்டு ஏப்ரல் 9 அன்று சானடோரியம் தொடங்கியது. அப்போது இருந்தவை 12 படுக்கைகள்.

இடத் தேர்வுக்கு இருந்த காரணங்கள் எளியவை. தாம்பரம் அன்று சென்னைக்கு வெளியே, மரங்களும் குன்றுகளும் சூழ்ந்த ஊராக இருந்தது. நகரத்தின் புகையும் நெரிசலும் அங்கில்லை. அதே வேளையில் தென்னிந்திய இரயில்வேயின் பாதை அவ்வழியே சென்றது. 1931-இல் சென்னைக் கடற்கரை – தாம்பரம் தடத்தில் மின்சார இரயில்கள் ஓடத் தொடங்கியபின் நகரிலிருந்து வருவது மேலும் எளிதாயிற்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் 1937-இல் நகரின் நடுவிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது குறிப்பிடத்தக்கது.

இந்தியாவின் முதல் காசநோய் மருத்துவமனை இதுவே எனப் பல இடங்களில் எழுதப்பட்டுள்ளது. அது சரியன்று. இராசத்தானின் திலோனியாவில் 1906-இலும், இமயமலைச் சாரலின் அல்மோராவில் 1908-இலும் கிறித்தவ மறைப்பணியாளர்கள் சானடோரியங்களைத் தொடங்கிவிட்டனர். அன்றைய சென்னை மாகாணத்துக்குள் அடங்கிய மதனப்பள்ளியில் ஆரோக்கியவரம் சானடோரியமும் 1915 முதல் இயங்கி வந்தது. தாம்பரத்தின் சிறப்பு அது முதலாவது என்பதில் இல்லை. பெருநகரம் ஒன்றின் வாசலிலேயே, இந்தியர் ஒருவரின் தனி முயற்சியில் எழுந்தது என்பதில் உள்ளது.

தனி முயற்சியின் எல்லையும் விரைவிலேயே தெரிந்தது. பல இலட்சம் மக்கள் வாழ்ந்த நகரின் காசநோய்க்கு 12 படுக்கைகள் எம்மூலைக்கும் போதா. கட்டணத்தை நம்பி இயங்கும் நிலையம் எதுவாயினும், நெரிசலான குடிசையில் இருமிக் கொண்டிருக்கும் கூலித் தொழிலாளியைச் சென்றடைவது கடினம். நோயின் வேர் வறுமை என்று கூறியவரின் நிலையத்துக்கும் இது பொருந்தும். 1937-இல் அரசு சானடோரியத்தை ஏற்றுக்கொண்டது. அதன்பின் படுக்கைகள் பெருகின. ஏழை நோயாளிகளுக்கான பெரிய அரசு மருத்துவமனையாக அது வளர்ந்தது. இதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின் 1940-இல் சவுரிமுத்து காலமானார்.

சென்னை ஆய்வும் சானடோரியங்களின் முடிவும்

சவுரிமுத்து தம் வாழ்நாள் முழுதும் நம்பிய சிகிச்சை முறையைக் கேள்விக்குள்ளாக்கிய ஆய்வு, அவர் சானடோரியம் கட்டிய அதே சென்னையில் நடந்தது என்பது வரலாற்றின் விந்தை.

இந்தியா விடுதலை பெற்றபோது காசநோயாளிகளின் எண்ணிக்கைக்கும் மருத்துவமனைப் படுக்கைகளின் எண்ணிக்கைக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருந்தது. எல்லோருக்கும் படுக்கை அமைப்பது அந்நாளைய அரசால் இயலாத செயல். மறுபுறம் ஐசோனியாசிட் முதலிய மருந்துகள் வந்துவிட்டன. அப்படியாயின் நோயாளியை அவர் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியுமா என்பதை அறிய 1956-இல் சென்னைக் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் அமைக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார அமைப்பு, பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியன இதில் இணைந்தன. வாலஸ் ஃபாக்ஸ் ஆய்வுக்குத் தலைமை தாங்கினார்.

சென்னையின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்வும் நல்ல உணவும் பெற்றனர். மற்றவர்கள் வீட்டிலேயே இருந்தனர். அவர்களுக்குக் கிடைத்த உணவு குறைவு, உழைப்பு மிகுதி. இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகள் ஓராண்டு அளிக்கப்பட்டன. முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. வீட்டில் உடனிருந்த உறவினர்களுக்கு நோய் தொற்றும் இடரும் கூடுதலாகக் காணப்படவில்லை. 1959-இல் வெளியான இம்முடிவு உலக மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் போதும், படுக்கை கட்டாயமன்று என்றானது. 1962-இல் தொடங்கிய இந்தியாவின் தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டது. ஐரோப்பாவின் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஏழை நாட்டின் தட்டுப்பாட்டிலிருந்து பிறந்த விடை செல்வ நாடுகளுக்கும் பயன்பட்டது.

இம்மையம் பின்னர் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்து, இராமானுசன் மறைந்த சேத்துப்பட்டிலேயே இயங்கி வருகிறது.

உணவு பற்றிய மறு ஆய்வு

சென்னை ஆய்வு காட்டியது, மருந்து கிடைத்தால் உணவு குறைந்தாலும் நோய் குணமாகும் என்பதை. உணவுக்கும் நோய் வருவதற்கும் தொடர்பில்லை என்று அது கூறவில்லை. இந்த வேறுபாடு பல்லாண்டுகள் மறக்கப்பட்டது.

2019 முதல் 2022 வரை சார்க்கண்டு மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் இராசன்சு எனப்படும் ஆய்வு நடந்தது. தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இதில் பங்கேற்றது. 2,800 காசநோயாளிகளுக்கு மாதந்தோறும் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. அவர்களுடைய குடும்பத்தினர் 10,345 பேர் இரு பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரைகள் ஆகியன தரப்பட்டன. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடும், பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 விழுக்காடும் குறைந்தன. 2023-இல் வெளியான இம்முடிவைச் சவுரிமுத்து கண்டிருப்பின் வியந்திருக்க மாட்டார். காற்றும் ஓய்வும் பற்றி அவர் கூறியவை காலத்தால் பின்தங்கின. பட்டினி பற்றிக் கூறியதில் உண்மை இருந்தது.

பிற்கால வரலாறு

சானடோரியங்கள் உலகெங்கும் மறைந்தபோதும் தாம்பரம் மருத்துவமனை மூடப்படவில்லை. 1986-இல் இந்தியாவில் முதன்முதலாகச் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. எச்.ஐ.வி. உடையவர்களைக் காசநோய் எளிதில் தாக்கும். மேலும், பிற மருத்துவமனைகள் அவர்களைச் சேர்க்கத் தயங்கிய காலம் அது. தாம்பரம் மருத்துவமனை 1993 முதல் அவர்களை ஏற்றது. தமிழகம் மட்டுமன்றி அண்டை மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் வந்தனர். 2004 ஏப்ரலில் நடுவண் அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டு மையங்களுள் தாம்பரமும் இடம்பெற்றது. காசநோயாளியை ஊர் ஒதுக்கிய காலத்தில் உருவான காட்டு விடுதி, மற்றொரு நோயால் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் இடமளித்தது.

பண்டைய மருத்துவ வரலாற்றை எழுதிய சவுரிமுத்துவின் ஆர்வத்துக்குப் பொருந்துமாறு, தேசியச் சித்த மருத்துவ நிறுவனமும் சானடோரியம் பகுதியிலேயே அமைந்துள்ளது. இது 2005ஆம் ஆண்டு செப்டம்பர் 3 அன்று திறந்து வைக்கப்பட்டது.

தாம்பரத்தில் அவர் பெயரைத் தெரிந்தவர்கள் குறைவு. அவர் தோற்றுவித்த நிலையமோ ஊர்ப்பெயராகவே ஆகிவிட்டது. சென்னைப் புறநகர் இரயில் தடத்தில் குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையே உள்ள நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம்.