டாக்டர் முத்துலட்சுமி அறுத்த வலை

தொற்றுவியாதி எல்லோரிடத்தும் ஒரே அளவாய்ப் பரவுவதில்லை. மனிதரிடையே உள்ள தொடர்பு ஒரு வலை. அதில் சில முடிச்சுகளில் நூறு இழைகள் கூடும். மற்றவற்றில் இரண்டொன்றே கூடும். வெட்டை நோய் நிலைத்து நிற்பது அப்பெருமுடிச்சுகளாலேயே என்று 1984-ல் ஹெத்கோட், யார்க் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் கணக்கிட்டுக் காட்டினர். அங்ஙனமாயின், முடிச்சில் சிக்கியவரைத் தண்டிப்பதா, முடிச்சுப் போடும் கையைத் தடுப்பதா?

பிரிட்டிஷ் சர்க்கார் முதல் வழியைக் கைக்கொண்டது. 1868-ல் சட்டம் இயற்றி, பட்டாளத்தாரின் சுகத்தை உத்தேசித்து, விலைமாதர் எனப்பட்டோரைப் பதிவு செய்து பரிசோதித்து ஆஸ்பத்திரியில் அடைத்தது. ஆடவரையோ தொடவில்லை. ஆடவர் வழியே வியாதி மனைவியையும் கருவிலுள்ள சிசுவையும் சென்றடையுமென்பதை அச்சட்டம் கருதவேயில்லை. 1888-ல் அது ரத்தாயிற்று.

இரண்டாம் வழியில் நின்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்தார். தகப்பனார் நாராயணசாமி ஐயர் கல்லூரித் தலைவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆடவர் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில், எதிர்ப்பைப் பொருட்படுத்தாது மன்னர் அவரைச் சேர்த்துக்கொண்டார். 1912-ல் சென்னை வைத்தியக் கல்லூரியில் தேறினார்.

சென்னைச் சட்டசபையின் உபதலைவராக வீற்றிருந்த அம்மையார், சிறுமியருக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து 1927-ல் தீர்மானம் கொணர்ந்தார். தங்கள் சொத்தும் கலையும் பறிபோகுமென்று அம்மரபினர் சிலரே எதிர்த்தனர். அவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. 1929-ஆம் வருஷத்துச் சட்டம் கோயில் ஊழியத்தோடு பிணைந்திருந்த மானிய நிலத்தை விடுவித்து, அப்பெண்களுக்கே உரிமையாக்கிற்று. விடுதி நடத்துவோரையும் தரகரையும் தண்டிக்கும் சட்டம் 1930-ல் நிறைவேறவும் அவர் பாடுபட்டார். அவ்வாண்டே காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். அவ்வை இல்லம் நிறுவி, ஆதரவற்ற சிறுமியருக்குப் புகலிடமும் கல்வியும் அளித்தார். பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் 1947-ல் நிறைவேறியது. 1968-ல் அவர் காலமானார்.

வியாதியை ஒழிப்பதற்கு வியாதியஸ்தரை இழிவுபடுத்த வேண்டுவதில்லை என்பதே அவர் வாழ்க்கையிலிருந்து நாம் பெறும் படிப்பினை. நிலமும் கல்வியும் வாய்த்த பெண்ணைப் பிறர் வலையில் கட்டிவைத்தல் அரிது. எந்தத் தொற்று வந்தாலும், யார் பரப்பினார் என்று விரல் நீட்டுமுன், அவரை அவ்விடத்தில் கட்டிவைத்தது எது என்று தேசத் தொண்டர்கள் கேட்பார்களாக.