பெசண்ட் அம்மையார்

விருதுநகரை அடுத்த சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ஆம் ஆண்டில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். அதற்கு முன்னரே, வெண்பாஸ்பரஸ் என்னும் நஞ்சு கலந்த தீக்குச்சிகளை 1913ஆம் ஆண்டுச் சட்டம் இந்நாட்டில் விலக்கியிருந்தது. அந்நஞ்சு, அதனைக் கையாள்வோரின் தாடை எலும்பை அரித்துவிடும். அக்கொடுமைக்கு ஆளான ஏழைப் பெண்களுக்காக இலண்டன் மாநகரில் எழுதியும் உழைத்தும் வந்தவர், பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெசண்ட் அம்மையார் ஆவார்.

அம்மையார் 1847ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள் இலண்டனில் பிறந்தார். 1888ஆம் ஆண்டில், பிரையண்டு மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களை நேரிற் கண்டு, அவர்கள் நிலையைத் தம் இதழில் எழுதினார். பேசினால் அபராதம், காலில் அழுக்கிருந்தால் அபராதம். வேலை செய்யும் அறையிலேயே உண்ண வேண்டியிருந்தமையால் உணவோடு நஞ்சும் உட்சென்றது. இச்செய்தி பொய்யென்று கையெழுத்திடுமாறு நிருவாகத்தார் பெண்களை வற்புறுத்தினர். அவர்கள் மறுத்தனர். ஒருத்தி வேலையினின்று நீக்கப்படவே, ஏறத்தாழ 1,400 பேர் வெளியேறினர்.

இவ்வேலைநிறுத்தத்தை அம்மையாரே தூண்டினார் என்று கூறுவாரும் உளர். அது பொருந்தாது; துணிந்தவர்கள் அப்பெண்களே. அம்மையார் அவர்களுக்கு நிதி திரட்டினார். நாடாளுமன்றத்தாரிடமும் அழைத்துச் சென்றார். சில வாரங்களுக்குள் வெற்றி கிட்டியது. அபராதங்கள் ஒழிந்தன, உண்பதற்குத் தனியறை கிடைத்தது. அப்பெண்கள் அமைத்த சங்கத்தின் முதற் செயலாளராக அம்மையாரையே தேர்ந்தெடுத்தனர். ஆயினும், நஞ்சு அத்தொழிற்சாலையை விட்டு நீங்க 1901ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

1893ஆம் ஆண்டில் அம்மையார் இந்தியா வந்தார். அந்நாளில் இங்கிருந்த சாரணர் படைகளில் ஐரோப்பியச் சிறுவரும் ஆங்கிலோ இந்தியச் சிறுவரும் சேரலாம். இந்தியச் சிறுவர்க்கோ இடமில்லை. கதவு திறக்கும் என்று அம்மையார் காத்திருக்கவில்லை. 1917ஆம் ஆண்டளவில், அருண்டேலின் துணையோடு சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தோற்றுவித்தார். அச்சாரணர்கள் தலைப்பாகை அணிந்தனர். இந்தியப் பாடல்களைப் பாடினர்.

அதே ஆண்டில், தன்னாட்சி கேட்ட குற்றத்திற்காக அம்மையாரையும் அருண்டேலையும் வாடியாவையும் அரசினர் உதகமண்டலத்தில் காவலில் வைத்தனர். விடுதலை பெற்ற வாடியா, 1918ஆம் ஆண்டில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானார். ஒரே குழுவினர் ஆலைத் தொழிலாளர்க்கும் சிறுவர்க்கும் பணிபுரிந்தமை கருதத்தக்கது.

1921ஆம் ஆண்டில் சாரணர் இயக்கத் தந்தை பேடன் பவல் இந்தியாவிற்கு வந்தார். அம்மையாரின் சங்கம் அவருடைய இயக்கத்தோடு இணைந்தது. எழுபது வயதைக் கடந்திருந்த அம்மையார், இந்தியச் சாரணர்களின் கௌரவ ஆணையர் ஆனார். 1933ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 20ஆம் நாள் அடையாற்றில் காலமானார்.