கரிவர்தன் சமைத்த கார்

லாரிக்குப் பாடி கட்டுவது நாமக்கல்லின் தொழில்; எங்கள் வீட்டுச் சோறும் அதில்தான் வந்தது. என் தந்தையார் ஒரு பட்டறையில் வெல்டர். கேபின் இல்லாத வெறும் சேஸிஸைத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருவர் வெயிலிலும் காற்றிலும் ஓட்டி வருவதைச் சிறுவயதில் கண்டிருக்கிறேன். கூரையில்லா வண்டி என்றால் எங்களுக்கு அதுதான். ஆனால் அதே வெயிலையும் காற்றையும் விரும்பிக் காசு கொடுத்து வாங்குவோரும் உலகில் உண்டு. அந்த இன்பத்தை நம் பக்கத்துக் கோவையிலேயே, ஓரளவு மலிவாகச் செய்து காட்டியவர் கரிவர்தன்.

அவர் 1954-இல் பிறந்தார். லட்சுமி மில் குடும்பம், பணத்துக்குக் குறைவில்லை. அதை மறைப்பதில் பொருளில்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், அந்நாளில் கார்ப் பந்தயங்கள் நடந்தன. கரிவர்தனும் அங்கே ஓட்டினார். வெளிநாட்டுக் கார் ஒன்றை வரவழைத்து ஓட்டி மகிழ்ந்து, அத்தோடு அவர் நின்றிருக்கலாம். நிற்கவில்லை, தாமே கார் செய்ய முனைந்தார்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 கன சென்டிமீட்டர். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகும் கார் அது. 1980-களின் பிற்பகுதியில் கரிவர்தன் அதன் எஞ்சினை எடுத்து, ஒருவர் மட்டும் அமரக்கூடிய, கூரையற்ற மெலிந்த பந்தயக் காரில் பொருத்தினார். ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். எஞ்சின் கெட்டால் பாகங்களுக்குக் கப்பலை எதிர்பார்க்க வேண்டாம். உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கும். அவருடைய சாமர்த்தியம் முழுவதும் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இங்கிலாந்தின் புகழ்பெற்ற எம்.ஜி. மிட்ஜெட்டும் இப்படிப் பிறந்ததே. 1928-இல் செசில் கிம்பர் என்பவர், மோரிஸ் மைனர் என்னும் எளிய காரின் 847 கன சென்டிமீட்டர் எஞ்சினைக் கொண்டே அந்த இருவர் காரை உருவாக்கினார். இன்று சேலம் நெடுஞ்சாலையில் எம்.ஜி. முத்திரையோடு ஓடும் பெரிய கார்களுக்கும் அந்தச் சின்ன வண்டிக்கும் பெயர்தான் உறவு.

சிறிய எஞ்சினில் என்ன சுகம் என்று கேட்கலாம். இயற்பியல் வகுப்பில் நாம் படித்ததுதான். விசை மாறாமல் நிறை குறைந்தால் முடுக்கம் கூடும். ஈர்ப்பு மையம் தாழ்ந்திருப்பதால் வளைவில் வண்டி சாய்வதும் குறைவு. தரைக்கு ஒரு சாண் மேலே அமர்ந்து, முகத்தில் காற்று அறைய ஓட்டுகிறவனுக்கு அறுபது மைல் வேகமே நூறாகத் தோன்றுமாம். ஸ்டியரிங்கில் சாலையின் ஒவ்வொரு கல்லும் கைக்குத் தெரியும். என் தந்தையாரிடம் இதைச் சொன்னேன். லாரியிலும் தெரியும், ஆனால் அது முதுகுக்குத் தெரியும் என்று சிரித்தார்.

மலிவு என்றேன். அது பந்தயக்காரர்களுக்கு மலிவு. வெல்டர் வீட்டுக்கு அன்று. இருந்தாலும் பணக்காரர் விளையாட்டின் கதவை ஒரு சாண் அளவேனும் திறந்து வைத்தவர் அவரே. கோவை நாராயண் கார்த்திகேயன் ஃபார்முலா மாருதியில் ஓட்டிப் பழகியவர். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

அதைக் காணக் கரிவர்தன் இல்லை. காரைப் போலவே வானூர்தியிலும் பித்துக் கொண்டிருந்த அவர், 1995 ஆகஸ்டில் சிறு விமான விபத்தில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளப் பந்தயப் பாதை ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.