கடல் கடந்த விதை

பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, தாவரவியல்

பொருள் தேடிக் கடல் கடந்தவர்களை எங்கள் சேத்தியாத்தோப்புப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கடைத்தெருவில் நின்று கேட்டால், சிங்கப்பூரிலும் துபாயிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் வீடுகளைத் தெருத் தெருவாகச் சொல்லிவிடுவார்கள். அறிவு தேடிக் கடல் கடந்தவர் யார் என்று கேட்டால்தான் விடை எளிதில் கிடைப்பதில்லை.

சென்ற பருவத்தில் ஒரு நாள் மரபியல் வகுப்பு. இக்காலத்தில் கல்லூரி மாணவர்கள் ஒரு செமஸ்டர் காலத்தை அயல்நாட்டில் படித்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்றும், மக்காச்சோளத்தை ஆராய விரும்புவோர் அது பிறந்த மெக்சிகோவுக்கே போய்ப் படிக்கலாம் என்றும் எங்கள் பேராசிரியர் கூறினார். அங்கே ஸ்பானிய மொழியல்லவா பேசுவார்கள் என்று வகுப்பில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் இந்தியர் அங்கே போய், அம்மொழியைக் கற்று, அந்நாட்டு மாணவர்களுக்கே வேளாண்மைப் பாடம் நடத்தினார் என்று அவர் சொன்னதும் சிரிப்பு அடங்கியது. அவர்தாம் பாண்டுரங்க சதாசிவ கான்கோஜே. அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை.

1884ஆம் ஆண்டு மராட்டிய மண்ணில் வார்தாவில் கான்கோஜே பிறந்தார். அவருடைய பிள்ளைப் பருவம் பஞ்சங்களின் காலம். 1896-97லும், பின்னர் 1899-1900லும் மத்திய மாகாணங்களை இரு பெரும் பஞ்சங்கள் வாட்டின. அந்தக் கொடுமை நடந்த மண்ணில் வளர்ந்தவருக்கு இரண்டு எண்ணங்கள் நெஞ்சில் ஊன்றின. ஒன்று, நாடு விடுதலை பெற வேண்டும். மற்றொன்று, மக்கள் வயிறு நிறைய வேண்டும். இவ்விரண்டையும் அவர் தம் வாழ்நாளில் ஒருபோதும் பிரித்துப் பார்க்கவில்லை.

இருபது வயதைச் சற்றே கடந்த பருவத்தில், ஜப்பான் வழியாக அமெரிக்கா சென்றார். கையில் பணமில்லை, கூலி வேலை செய்துதான் படித்தார். ஒருபுறம் ராணுவப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து போர்முறை கற்றார். மறுபுறம் ஆரகன் மாநிலத்து வேளாண் கல்லூரியில் உழவுக் கல்வி கற்றார். வாஷிங்டன் மாநிலக் கல்லூரியில் 1913இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அதே 1913இல்தான், மரம் அறுக்கும் ஆலைகளில் பாடுபட்ட இந்தியத் தொழிலாளரையும் மாணவரையும் ஒன்றுசேர்த்துக் கதர் இயக்கம் பிறந்தது. அதைத் தோற்றுவித்தவர்களுள் கான்கோஜேயும் ஒருவர்.

முதல் உலகப்போர் மூண்டது. பட்டம் பெற்ற கையோடு வேலை தேடிக்கொள்ளாமல், துருக்கிக்கும் பாரசீகத்துக்கும் சென்று ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டார் நம் வேளாண் பட்டதாரி. காயமுற்றார், சிறைப்பட்டார், தப்பினார். போர் முடிந்தபின் பெர்லின், மாஸ்கோ என்று அலைந்தார். தாய்நாட்டின் கதவு அவருக்கு அடைத்தே கிடந்தது. 1924இல் மெக்சிகோ போய்ச் சேர்ந்தபோது அவருக்கு வயது நாற்பது.

நண்பர்களே, நாற்பது வயதில் நம்மில் பலர் புதிதாக எதையும் கற்க அஞ்சுவோம். அவரோ புதிய நாட்டில், புதிய மொழியில் வாழ்வைத் தொடங்கினார். மெக்சிகோ நகருக்கு அருகில் சாபிங்கோ என்னும் இடத்தில் இருந்த தேசிய வேளாண் பள்ளியில் ஆசிரியரானார். பெருநிலக்கிழார் ஒருவரின் பண்ணையாக இருந்த இடம் அது. நிலத்துக்காகவே உழவர்கள் துப்பாக்கி ஏந்திய புரட்சி நடந்து முடிந்திருந்த நேரம். நிலம் உழவர் கைக்கு வரத் தொடங்கியிருந்தது. அதில் நல்ல விளைச்சல் எடுக்கும் அறிவும் உடன் வரவேண்டியிருந்தது. அந்த இடத்தில்தான் கான்கோஜேயின் கல்வி பயன்பட்டது.

தாவரவியல் மாணவன் என்ற முறையில் என்னை மிகவும் ஈர்த்தது அவருடைய மக்காச்சோள ஆராய்ச்சியே. மக்காச்சோளம் காட்டில் தானாக விளைந்த பயிரன்று. தியோசிந்தே என்னும் காட்டுப் புல்லிலிருந்து, ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் தென்மேற்கு மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் படுகையில் உழவர்கள் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய பயிர் அது. அந்தப் புல்லின் கதிரில் பத்துப் பன்னிரண்டு மணிகள்தாம் இருக்கும். ஒவ்வொன்றும் கல்போன்ற ஓட்டுக்குள் அடைபட்டிருக்கும். கான்கோஜே தியோசிந்தேயையும் மக்காச்சோளத்தையும் கலந்து புதிய வகைகளை உருவாக்க முயன்றார். அவருடைய கதிர்களையும் மணிகளையும், புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் டீனா மொடோட்டி படம் எடுத்துக் கொடுத்தார்.

ஆராய்ச்சிக்கூடத்தோடு அவர் நின்றுவிடவில்லை. கல்லூரிக்கு வர முடியாத உழவர்களுக்காக, உழவர் சங்கங்களின் துணையோடு, கட்டணமில்லாத சுதந்திர வேளாண் பள்ளிகளை ஊர்களிலேயே தொடங்கினார். உலகறிந்த ஓவியர் டியேகோ ரிவேரா அம்முயற்சிக்குத் துணைநின்றார். மெக்சிகோ நகரக் கல்வி அமைச்சகத்தின் சுவரில் ரிவேரா தீட்டிய ஓர் ஓவியத்தில், உழைக்கும் மக்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்க, நடுவே ஒருவர் ரொட்டியைப் பிட்டுப் பகிர்கிறார். அந்த மனிதருக்கு ரிவேரா கொடுத்த முகம் நம் வார்தாக்காரரின் முகமே.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் இரண்டு வரி எழுதப் பொறுத்தருள வேண்டும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தேன். கல்லூரியில் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தபோது, தெரிந்த செடிகூடத் தெரியாத செடியாகத் தோன்றியது. முதல் பருவத்தில் இரண்டு தாள்களில் அரியர். படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடலாமா என்று கூட எண்ணினேன். பிறமொழி ஒரு சுவர் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். ஆங்கிலம் கற்று, அதன்பின் ஸ்பானியமும் கற்று, எழுத்தறியாத உழவனுக்கும் புரியும்படி பாடம் சொன்ன ஒருவரைப் பற்றி அறிந்தபின், அந்தச் சுவரில் ஒரு வாசலும் உண்டு என்று தோன்றியது. அரியர் தாள்களில் ஒன்றைத் தேறிவிட்டேன். மற்றொன்று இருக்கிறது.

கான்கோஜே 1936இல் பெல்ஜிய நாட்டுப் பெண்மணி ஒருவரை மணந்தார். பெண்மக்கள் இருவர் பிறந்தனர். மூத்தவருக்குச் சாவித்திரி என்று நம் நாட்டுப் பெயரையே சூட்டினார். 1947இல் நாடு விடுதலை பெற்றது. 1949இல் அன்றைய மத்திய மாகாண அரசு அவருடைய வேளாண் அறிவை நாடி அழைத்தது. நீண்ட காலத்துக்குப் பின் தாய்மண்ணில் வந்து இறங்கினார். விமான நிலையத்தில் அவரைத் தடுத்து நிறுத்தினார்கள்! ஆங்கிலேயர் எழுதிவைத்த கறுப்புப் பட்டியலில் அவர் பெயர் இன்னும் அழிக்கப்படாமல் இருந்ததாம். ஆட்சி மாறியும் ஏடு மாறவில்லை. எந்த நாட்டின் விடுதலைக்காக ஊர் ஊராக அலைந்தாரோ, அந்த நாட்டின் வாசலிலேயே காத்திருக்க நேர்ந்ததே! அதற்குப் பின்னரும் அவர் தாய்நாட்டை வெறுக்கவில்லை. 1955இல் குடும்பத்துடன் திரும்பி நாகபுரியில் தங்கினார். 1967 ஜனவரி 22இல் அங்கேயே மறைந்தார்.

அவர் மறைவதற்கு முந்தைய ஆண்டில், 1966இல், மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதை இந்தியாவுக்குக் கப்பலில் வந்தது. நார்மன் போர்லாக் உருவாக்கிய அந்த விதை பசுமைப் புரட்சிக்கு அடிகோலியது. அது கான்கோஜேயின் விதை அன்று. ஆயினும் மெக்சிகோ வயலும் இந்திய வயலும் ஒன்றுக்கொன்று உதவ முடியும் என்பதை அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்து காட்டியவர் அவரே. 2022 செப்டம்பரில் சாபிங்கோவில் அவருக்குச் சிலை திறக்கப்பட்டது. மெக்சிகோவில் சிலையாக நிற்பவரின் பெயரை, மிளகாயும் தக்காளியும் அந்த மண்ணிலிருந்து வந்தவை என்று படிக்கும் நாம் அறியாதிருப்பது முறையா?

என் தந்தை குத்தகைக்கு நிலம் எடுத்து நெல் பயிரிடுபவர். வீராணம் நிரம்பினால் எங்கள் வீட்டில் சிரிப்பு, இல்லையேல் கடன். நான் சேற்றில் இறங்கக் கூடாது என்பதற்காகவே என்னைப் படிக்க வைக்கிறார். படிப்பு என்பது வயலிலிருந்து தப்பிக்கும் வழி என்றே நானும் நம்பியிருந்தேன். கான்கோஜேயின் வாழ்க்கை அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது. அவரைப் படிப்பு எங்கே கொண்டு போனாலும், முடிவில் ஓர் உழவனின் வரப்பில்தான் கொண்டுபோய் நிறுத்தியது.

பொங்கல் விடுமுறையில் ஒரு மக்காச்சோளக் கதிரை வீட்டுக்கு எடுத்துச் சென்று, அது புல்லிலிருந்து வந்த கதையைத் தந்தையிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, எத்தனை நாள் பயிர், எத்தனை தண்ணீர் பிடிக்கும், படைப்புழு வந்தால் என்ன செய்வது என்று மூன்று கேள்விகள் கேட்டார். 2018இல் அமெரிக்கக் கண்டத்து அந்தப் புழு நம் நாட்டுக்கு வந்ததை நான் படித்திருந்தேன். விடை மட்டும் தெரியவில்லை. மூன்று கேள்விகளையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு கல்லூரிக்குத் திரும்பினேன்.

என்றேனும் ஒரு பருவம் சாபிங்கோவில் படிக்கும் வாய்ப்புக் கிட்டினால் மகிழ்ந்து போவேன். கிட்டாவிட்டாலும் குறையில்லை. அந்த மூன்று கேள்விகளுக்கும் தந்தைக்குப் புரியும் தமிழில் விடை சொல்லிவிட்டால், கான்கோஜே நடத்திய பள்ளியில் நானும் ஒரு மாணவன்தான்.