சாண்டோவின் சுருள்வில்

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் நான் ஆசிரியராக இருந்தபோது, காவலர் தேர்வுக்காக உடலைத் தேற்றிக்கொண்டிருந்த மாணவன் ஒருவன், முந்தைய வாரம் தூக்கியதைப்போல் இருமடங்கு எடையைத் தூக்க முயன்று முதுகு பிடித்துப் படுத்துவிட்டான். தேர்வுக்கு இரண்டே மாதங்கள். அவன் அணிந்திருந்தது சாண்டோ பனியன். பெயருக்குரியவரின் கதையை முன்பே சொல்லியிருக்க வேண்டும். படுக்கையருகே அமர்ந்துதான் சொன்னேன்.

பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் 1867-இல் பிறந்தவர் யூஜின் சாண்டோ. 1889-இல் லண்டன் மேடையில் சாம்சன் என்ற பலசாலியை வென்றார். 1893-இல் சிகாகோவில் கூட்டத்தை ஈர்த்தார். ஆனால், அரங்கில் அவர் தூக்கிய பெரும் எடைகளைவிட, வீடுகளுக்கு அவர் விற்ற சிறு கருவியே எனக்கு வியப்பளிக்கிறது. நெடுக்காக இரண்டாகப் பிளந்த கைக்குண்டு, பிளவுகளுக்கிடையே சுருள்விற்கள். அவற்றை இறுக்கிப் பிடித்தபடியே பயிற்சி செய்ய வேண்டும். தொடக்கத்தில் சில விற்கள். வலிமை கூடக்கூட ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். வியாபாரத் தந்திரமும் அதில் உண்டுதான். எனினும், தசை ஏற்கும் அளவுக்கே சுமை ஏற வேண்டும் என்ற கணக்கு அதற்குள் இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இந்தியாவுக்கும் வந்தார். அவர் பெயர் இங்கே பட்டமாயிற்று. திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவர்கூட அதைச் சுமந்தார். 1925-இல் லண்டனில் இறந்த அசல் சாண்டோவின் கல்லறையோ நெடுங்காலம் பெயரின்றிக் கிடந்தது.

மாணவன் அந்த ஆண்டுத் தேர்வைத் தவறவிட்டான். மலையில் அரைக் கிலோ வட்டுகள் கிடைக்கவில்லை. எழுந்து நடந்ததும், மணல் மூட்டை ஒன்றைத் தைத்து, வாரம் ஒரு கைப்பிடி மணலை அதில் சேர்க்கத் தொடங்கினான்.